ஒரு தெரு, இரண்டு நிர்வாகம்: பெங்களூரு விளிம்பில் ஒரு லேஅவுட்டின் தண்ணீர்க் கதை

பின்னணி

ஓசூர் சாலைக்கும் சர்ஜாபூர் சாலைக்கும் இடையே, பெங்களூருவின் தென்கிழக்கு விளிம்பில் இருக்கும் ஒரு லேஅவுட்டைப் பற்றியது இந்த ஆய்வு. வீடுகள் இருநூறுக்குள். குடியிருப்போரில் பாதிக்கு மேல் தமிழர்கள். அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம், விவேக் நகர் என்று பழைய தமிழ்ப் பகுதிகளில் வாடகைக்கு இருந்தவர்கள். சீட்டுப் பணம், பி.எஃப். பணம், நகை அடகு எல்லாம் சேர்த்து, 2000களின் தொடக்கத்தில் முப்பதுக்கு நாற்பது சைட் வாங்கி வந்தார்கள். சொந்த ஊர் கேட்டால் வாணியம்பாடி, தர்மபுரி, திருவண்ணாமலை என்பார்கள். மற்றவர்கள் கன்னடர்கள், தெலுங்கர்கள். குடியிருப்போர் சங்கத்தின் தலைவர் ஓர் ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கன்னடத்தில் வரும் அரசாணைகளையும் சட்டப் பிரிவுகளையும் படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று சங்கம் கேட்டதால் நான் உள்ளே வந்தேன். யாருடைய பெயரும், லேஅவுட்டின் பெயரும், பஞ்சாயத்தின் பெயரும் இங்கே இல்லை.

இது பெங்களூருவில் ‘ரெவென்யூ சைட்’ என்று சொல்லப்படும் வகை. விவசாய நிலத்தை ஒருவர் வாங்கி, சாலை விட்டு, மனைகளாகப் பிரித்து விற்றுவிட்டுப் போய்விட்டார். அவர் நிலம் வாங்கியது அடுத்தடுத்த இரண்டு வருவாய் கிராமங்களில். இரண்டுக்கும் நடுவே இருந்த வண்டிப்பாதைதான் லேஅவுட்டின் முக்கியத் தெருவாக அகலப்படுத்தப்பட்டது. டிரான்ஸ்ஃபார்மர் மேடைக்குப் பக்கத்தில் பாதி புதைந்து கிடக்கும் ஒரு கல், பழைய கிராம எல்லைக்கல். பல வருடங்களாக அதன்மேல் உட்கார்ந்து பேப்பர் படித்தவர்களுக்குக்கூட அது என்ன கல் என்று தெரியாது.

2007-இல் பெங்களூரு மாநகராட்சி பெரிதாக்கப்பட்டது. பழைய மாநகராட்சியோடு சுற்றியிருந்த ஏழு நகராட்சிகள், கெங்கேரி டவுன் முனிசிபாலிட்டி, 110 கிராமங்கள் சேர்க்கப்பட்டு, வார்டுகள் 100-இலிருந்து 198 ஆயின. சேர்க்கப்பட்டவை முழு வருவாய் கிராமங்கள். லேஅவுட்டின் வடக்கு வரிசை இருந்த கிராமம் அந்த 110-இல் ஒன்று. தெற்கு வரிசை இருந்த கிராமம் இல்லை. அன்றிலிருந்து வடக்கு வரிசைக்கு மாநகராட்சி, தெற்கு வரிசைக்கு கிராம பஞ்சாயத்து. தெரு ஒன்று, தெருவிளக்கு போடும் நிர்வாகம் இரண்டு.

2024 வரை இது யாரையும் பெரிதாக உறுத்தவில்லை. இரண்டு வரிசைக்கும் தண்ணீர் போர்வெல்லில் இருந்துதான் வந்தது. இரண்டு வரிசைக்காரர்களும் முகவரியில் ‘பெங்களூரு’ என்றுதான் எழுதினார்கள், பின்கோடும் ஒன்றே.

2024 கோடையில் கண்டது

பிப்ரவரி கடைசியில் தெற்கு வரிசைக்குத் தண்ணீர் விட்ட பஞ்சாயத்து போர்வெல் வற்றியது. அடுத்த சில வாரங்களில் வடக்கு வரிசையின் தனியார் போர்வெல்களும் காற்றைக் கக்கின. பெங்களூரு முழுக்கவே அந்தக் கோடை அப்படித்தான் இருந்தது. மார்ச்சில் மாவட்ட நிர்வாகம் டேங்கர் தண்ணீருக்கு விலை நிர்ணயித்தது: ஐந்து கிலோமீட்டருக்குள் என்றால் 12,000 லிட்டர் லாரிக்கு 1,000 ரூபாய், வரி தனி. அந்த விலைக்கு இந்தத் தெருவுக்கு லாரி வரவில்லை. காலையில் சொன்னால் மறுநாள் இரவு வரும். இரவு இரண்டு மணிக்கு வந்தாலும் எழுந்து சம்ப் (தரையடித் தண்ணீர்த் தொட்டி) மூடியைத் திறக்க வேண்டும்.

அந்த நாட்களில் நான் கண்ட ஒரு விஷயத்தைக் குறித்து வைத்தேன். மக்கள் புகார் கொடுக்கப் போன இடமெல்லாம் தவறான இடமாக இருந்தது. தெற்கு வரிசைப் பெண்கள் சிலர், நகரத்துக்குத் தண்ணீர் தரும் குடிநீர் வாரியத்தின் உள்ளூர் அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கிருந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் அந்த முகவரி அவர்கள் எல்லையிலேயே இல்லை. வடக்கு வரிசையைச் சேர்ந்த ஒருவர் பழக்கத்தில் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போய், ‘நீங்க கார்ப்பரேஷன்’ என்று திருப்பி அனுப்பப்பட்டார். வாக்காளர் அட்டையைக் காட்டி எம்எல்ஏ அலுவலகம் போனால் இரண்டு வரிசைக்கும் இரண்டு தொகுதி.

முதல் முடிவு: ‘எங்களை மாநகராட்சியில் சேருங்கள்’

ஏப்ரலில் கூடிய சங்கக் கூட்டத்தில் ஏறக்குறைய எல்லாரும் சொன்னது ஒன்றுதான். தெற்கு வரிசையையும் மாநகராட்சியில் சேர்த்துவிட்டால் பிரச்சினை தீரும். மனு எழுதுவது, கையெழுத்து வாங்குவது, மாவட்ட ஆட்சியர் முதல் நகர வளர்ச்சித் துறை வரை அனுப்புவது என்று முடிவானது.

இந்தக் கோரிக்கைக்கு நியாயம் இருந்தது. தெற்கு வரிசையில் ஒருவர்கூட விவசாயி இல்லை. ஆட்டோ ஓட்டுபவர், ஐ.டி. நிறுவனத்தில் ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வை செய்பவர், தையல் ஆலைக்குப் போகிறவர், வங்கியில் இருப்பவர், டிபன் கடை வைத்திருப்பவர். இவர்கள் வாழ்வது கிராமம் என்று சொன்னால் அவர்களுக்கே சிரிப்பு வரும். அப்படியிருந்தும் அது ஏன் கிராமமாக இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் தேடியபோதுதான், நம் நாட்டில் ‘நகரம்’ என்பதற்கு ஒரே வரையறை இல்லை என்பது சங்கத்துக்குப் புரியத் தொடங்கியது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இரண்டு வகை ஊர்களை நகர்ப்புறம் என்கிறது. முதல் வகை, மாநில அரசு சட்டப்படி மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, கண்டோன்மென்ட் என்று அறிவித்த ஊர். இரண்டாவது வகை, அப்படி அறிவிக்கப்படாவிட்டாலும் மூன்று அளவுகோல்களையும் தாண்டிய ஊர்: மக்கள்தொகை குறைந்தது 5,000, வேலை செய்யும் ஆண்களில் குறைந்தது 75 சதவீதம் பேர் விவசாயம் அல்லாத தொழிலில், சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர். இந்த இரண்டாவது வகையை ‘கணக்கெடுப்பு நகரம்’ என்று சொல்லலாம். 2011-இல் நாட்டில் இருந்த 7,935 நகரங்களில் 3,894 இந்த வகை. 2001-இல் இவை 1,362 மட்டுமே. கணக்கில் நகரம் ஆனாலும் இவற்றில் பெரும்பாலானவற்றை ஆள்வது கிராம பஞ்சாயத்துதான். கணக்கெடுப்பு ஒட்டும் பெயர்ப்பலகை எந்த ஊருக்கும் நகராட்சி அலுவலகம் கட்டித்தராது.

நகராட்சி ஆக்கும் அதிகாரம் மாநில அரசிடம். 1993 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம், மாறிவரும் பகுதிக்கு நகர பஞ்சாயத்து, சிறு நகரத்துக்கு நகராட்சி, பெரு நகரத்துக்கு மாநகராட்சி என்று மூன்று படிகளைச் சொல்கிறது. எது எந்தப் படி என்பதை மக்கள்தொகை, அடர்த்தி, வருவாய், விவசாயம் சாராத வேலைவாய்ப்பு ஆகியவற்றைப் பார்த்து ஆளுநர், அதாவது மாநில அரசு, அறிவிக்க வேண்டும். அதே திருத்தம் ‘மெட்ரோபாலிட்டன் பகுதி’யையும் வரையறுக்கிறது: பத்து லட்சம் பேருக்குக் குறையாமல், ஒன்றோ பலவோ மாவட்டங்களில், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நகராட்சிகளோ பஞ்சாயத்துகளோ சேர்ந்த பரப்பு. பஞ்சாயத்தும் அந்தப் பரப்புக்குள் அடக்கம் என்பதைக் கவனியுங்கள். மாநகரம் என்பது மாநகராட்சியைவிடப் பெரியது என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. தெற்கு வரிசை மாநகராட்சிக்கு வெளியே, மாநகரப் பகுதிக்கு உள்ளே.

மனுவுக்குப் பல மாதம் பதில் வரவில்லை. 2024 ஜூலையில், நகர நிர்வாகத்தை மாற்றியமைக்கும் கிரேட்டர் பெங்களூரு நிர்வாக மசோதா சட்டமன்றத்தில் வந்தபோது, தங்கள் மனுவுக்கே பதில் வந்துவிட்டதுபோலச் சங்கத்தில் ஒரு நம்பிக்கை பரவியது. அந்த நம்பிக்கையில் சில மாதங்கள் வேறு எந்த முயற்சியும் எடுக்கப்படவில்லை.

எல்லைப் பட்டியல்

இந்த நிகழ்வில் என் பார்வையில் மிகவும் பயன்பட்ட வேலை ஒரு கல்லூரி மாணவி செய்தது. அவர் தெற்கு வரிசையில், டிபன் கடைக்காரரின் மகள். ‘நாம பெங்களூரா இல்லையா’ என்று சண்டை போடுவதை விட்டுவிட்டு, எந்தச் சேவைக்கு எந்தக் கோடு என்று தனித்தனியாக எழுதலாம் என்றார். வீட்டில் இருந்த ரசீதுகள், பத்திரங்கள், அட்டைகள் எல்லாவற்றையும் சமையலறைத் தரையில் பரப்பி வைத்து, ஒரு நோட்டில் கட்டம் போட்டார்.

மின்சாரக் கட்டணம்: இரண்டு வரிசைக்கும் ஒரே பெஸ்காம், அது பெங்களூருவையும் சேர்த்து எட்டு மாவட்டங்களுக்கு மின்சாரம் தரும் நிறுவனம். நகரப் பேருந்து: இரண்டு வரிசைக்கும் உண்டு. மாவட்டம்: இரண்டும் பெங்களூரு நகர மாவட்டம். தாலுக்கா: வேறு வேறு, தெற்கு வரிசை ஆனேக்கல். சட்டமன்றத் தொகுதி: வேறு. மக்களவை: ஆனேக்கல் தொகுதி நகர மாவட்டத்தில் இருந்தாலும், அதன் வாக்காளர்கள் ஓட்டுப் போடுவது பெங்களூரு ஊரக மக்களவைத் தொகுதிக்கு. கட்டட வரைபட அனுமதி: வடக்கே மாநகராட்சி, தெற்கே ஆனேக்கல் திட்டக் குழுமம். அந்தக் குழுமத்துக்கு மேலே இருப்பது 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான பெங்களூரு மெட்ரோபாலிட்டன் மண்டல வளர்ச்சி ஆணையம். அதன் பரப்பு சுமார் 8,000 சதுர கிலோமீட்டர். சொத்து ஆவணம்: வடக்கே ‘பி காத்தா’ (முறையான அனுமதி இல்லாத மனைகளுக்கு மாநகராட்சி வைக்கும் பதிவு), தெற்கே அதே வகை மனைகளுக்கான பஞ்சாயத்தின் 11பி படிவம். தண்ணீர்: வடக்கே குடிநீர் வாரியம், தெற்கே பஞ்சாயத்து.

பட்டியல் முடிந்தபோது தெரிந்தது இது. மின்சாரம், பேருந்து, தபால், மாவட்டம் என்று பார்த்தால் தெற்கு வரிசை முழுப் பெங்களூரு. திட்டமிடலில் மாநகர மண்டலம். தண்ணீர், குப்பை, வரி, தெருவிளக்கு ஆகியவற்றில் மட்டும் கிராமம். தெருவின் சண்டை முழுவதும் இந்தக் கடைசி நான்கில் அடங்கியிருந்தது.

பெயர்கள் இந்தக் குழப்பத்தை இன்னும் கூட்டின. பெங்களூரு தெற்கு என்ற பெயரில் ஒரு தாலுக்கா, ஒரு மக்களவைத் தொகுதி, ஒரு சட்டமன்றத் தொகுதி முன்பே உண்டு. 2025-இல் ராமநகர மாவட்டத்துக்கும் அதே பெயர் வைக்கப்பட்டது. அதே ஆண்டு அந்தப் பெயரில் ஒரு மாநகராட்சியும் பிறந்தது. தன் மனு எந்த ‘பெங்களூரு தெற்கு’க்குப் போயிருக்கிறது என்று ஒரு முதியவர் என்னிடம் கேட்டபோது, உறையில் இருந்த முகவரியைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடிந்தது.

காவிரி வந்த தெருவில் ஒரு ஹோஸ்

2024 அக்டோபர் 16-இல் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர். 2007-இல் சேர்க்கப்பட்ட அந்த 110 கிராமங்களுக்காகவே போடப்பட்ட திட்டம். சேர்ந்து 17 வருடம் கழித்து வந்த தண்ணீர் அது. குழாய் ஏற்கெனவே தெருவின் வடக்கு ஓரமாகப் பதிக்கப்பட்டிருந்தது. இணைப்புக் கட்டணம் கட்டியவர்களுக்கு அடுத்த சில மாதங்களில் மீட்டர் பொருத்தப்பட்டது.

இந்த நதியின் கதையிலும் நகர எல்லைக்கு ஒரு பங்கு இருக்கிறது. 2007-இல் காவிரி நடுவர் மன்றம் பெங்களூருவின் குடிநீர்த் தேவையைக் கணக்கிட்டபோது, நகரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் காவிரி வடிநிலத்துக்குள் வருகிறது என்று எடுத்துக்கொண்டது. 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. முழு நகரத்தையும் கணக்கில் கொண்டு குடிநீருக்காகக் கூடுதலாக 4.75 டி.எம்.சி. ஒதுக்கியது. நகரம் எது என்று எங்கே கோடு போடுகிறோம் என்பது இரண்டு மாநிலங்களுக்கு இடையிலான பங்கீட்டில்கூட எண்ணாக மாறும்.

தெருவில் அது வேறு விதமாகத் தெரிந்தது. வடக்கு வரிசையில் ஓர் அக்கா, நேர் எதிரே தெற்கு வரிசையில் அவருடைய தங்கை. ஒரே நேரத்தில் சைட் வாங்கியவர்கள். அக்காவுக்கு வடக்குப் பார்த்த மனை அமையவில்லை என்பதால் எதிர்ப்பக்கம் எடுத்தார், அவ்வளவுதான். டிசம்பரில் அக்கா வீட்டு மீட்டருக்குப் பின்னால் இருந்த குழாயில் ஒரு பச்சை ஹோஸைச் செருகி, தெருவைக் குறுக்கே கடந்து, தங்கை வீட்டு சம்ப்புக்குள் விட்டார்கள். வண்டி ஏறி நசுங்காமல் இருக்க ஹோஸின் இரண்டு பக்கமும் செங்கல் வைத்திருந்தார்கள். இரண்டு வாரத்தில் அதே மாதிரி நாலைந்து ஹோஸ்கள்.

ஓர் இணைப்பில் வாங்கிய தண்ணீரை வேறு மனைக்குக் கொடுக்க விதி இடம் தராது. மாட்டினால் அபராதமும் இணைப்புத் துண்டிப்பும் வடக்கு வரிசைக்காரருக்கு. சங்கம் கூடி, ஹோஸ்களை எடுக்கச் சொல்வதா, கண்டுகொள்ளாமல் விடுவதா என்று பேசியது. கூட்டத்தில் தங்கை கேட்டார்: “தெருவைத் தாண்டி எனக்கு நாலு குடம் குடுக்கறதும் தப்பாக்கா?” அக்கா பதில் சொல்லவில்லை. தலைவர்தான் பேசினார்: “தப்பு உங்க ரெண்டு பேர் மேலயும் இல்லம்மா. ஆனா கனெக்‌ஷன் போச்சுன்னா ரெண்டு வீட்டுக்கும் தண்ணி இல்ல.” ஹோஸ்களை எடுப்பது, அதற்குப் பதிலாகத் தெற்கு வரிசைக்குச் சங்கமே கூட்டாக டேங்கர் வரவழைத்து, செலவில் ஒரு பங்கை வடக்கு வரிசை ஏற்பது என்று முடிவானது. வடக்கு வரிசையில் சிலர் முணுமுணுத்தாலும் கட்டினார்கள். சங்கம் எடுத்த முடிவுகளிலேயே எனக்கு மிகவும் மதிப்பு இதன்மேல்தான். அடுத்து வந்த கோடையில் இரண்டு வரிசையும் எதிரெதிர்க் கட்சியாகாமல் இருந்ததற்கு இதுவே காரணம்.

இரண்டாவது முடிவு: கிராம சபைக்குப் போவது

2025 ஜனவரியில் மாணவியின் பட்டியலைத் திரும்பப் பார்த்தபோது, ‘தண்ணீர்: பஞ்சாயத்து’ என்ற வரியின் அடுத்த கேள்வி எழுந்தது. பஞ்சாயத்துக்குத் தண்ணீர் கொடுக்க என்ன திட்டம் இருக்கிறது? 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமப்புற வீடு ஒவ்வொன்றுக்கும் குழாய் இணைப்பும், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டரும் தருவதை இலக்காகக் கொண்டது; கர்நாடகத்தில் ‘மனே மனேகெ கங்கே’ என்ற பெயரில் நடக்கிறது. நகரங்களுக்கான குடிநீர் அளவு 135 லிட்டர் என்பதோடு ஒப்பிட்டால் இது பாதிகூட இல்லை. ஆனால் இது தெற்கு வரிசைக்கு அன்றைய சட்ட நிலையிலேயே உரிமை உள்ள தண்ணீர்.

அந்த லேஅவுட் பஞ்சாயத்தின் செயல் திட்டத்தில் இல்லை. ஏன் என்று விசாரித்தால் விடை எளிது: கேட்டவர் யாரும் இல்லை. கர்நாடகச் சட்டப்படி வார்டு சபையும் கிராம சபையும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது கூட வேண்டும். தெற்கு வரிசையிலிருந்து ஒருவரும் அதற்குப் போனதில்லை. ‘நாங்க சிட்டி ஆளுங்க’ என்ற எண்ணம் ஒரு காரணம்; பகல் நேரத்தில் கூடுவதால் வேலைக்குப் போகிறவர்களால் முடியாது என்பது இன்னொன்று. மூல கிராமத்தார் ஆலமரத்தடியில் கூடிப் பேசிய பட்டியலில் லேஅவுட்டின் வீடுகள் எப்படி வரும்?

எதிர்ப்பு இருந்தது. கிராமத் திட்டத்தில் குழாய் வாங்கிக்கொண்டால், ‘உங்களுக்குத்தான் தண்ணீர் வந்துவிட்டதே’ என்று மாநகராட்சியில் சேர்க்கும் கோரிக்கை பலவீனமாகிவிடும் என்று வங்கி ஊழியர் வாதிட்டார். அது வெறும் பயம் அல்ல, யோசிக்க வேண்டிய வாதம். சங்கம் கடைசியில் மூன்று காரணங்களால் கிராம சபைப் பக்கம் சாய்ந்தது. எல்லையை மாற்றுவது மாநில அரசின் கையில். எப்போது என்று சொல்ல முடியாது. எல்லை மாறினாலும் தண்ணீர் உடனே வராது என்பதற்கு வடக்கு வரிசையின் 17 வருடக் காத்திருப்பே சாட்சி. அடுத்தது வரி: மாநகராட்சியில் சேர்ந்தால் சொத்து வரி கூடும், அந்தக் கூடுதல் முதல் நாளிலிருந்தே வரும். இந்தக் கடைசிக் காரணம் சொல்லப்பட்டபோது, மனுவில் முதலில் கையெழுத்திட்ட சிலரே தலையைச் சொறிந்தார்கள்.

சேர்க்கைக் கோரிக்கையைக் கைவிடாமல், அதைத் தனிக் கோப்பாக வைத்துக்கொண்டு, தண்ணீரைப் பஞ்சாயத்து வழியாகக் கேட்பது என்று முடிவெழுதினார்கள்.

2025-இல் நடந்தவை

அடுத்த கிராம சபைக்கு லேஅவுட்டிலிருந்து கூட்டமாகப் போனார்கள், அதிகமும் பெண்கள். கன்னடத்தில் சரளமாகப் பேசிய தங்கைதான் கோரிக்கையை வாசித்தார். மூல கிராமத்தார் முதலில் ஒதுங்கித்தான் இருந்தார்கள்; தங்கள் போர்வெல் தண்ணீரில் பங்கு கேட்க வந்திருக்கிறார்கள் என்ற ஐயம். அதற்கு நியாயமும் இருந்தது. புதிய ஆழ்துளைக் கிணறு லேஅவுட்டின் பூங்கா மனையில் தோண்டப்படும், பழைய கிணற்றைத் தொடமாட்டோம் என்று எழுதிக் கொடுத்த பிறகு தீர்மானம் நிறைவேறியது.

அடுத்த தடை யாரும் எதிர்பார்க்காத இடத்தில் இருந்தது. பொதுப் பணத்தில் குழாய் பதிக்க வேண்டுமானால் சாலை பஞ்சாயத்தின் பதிவேட்டில் இருக்க வேண்டும். மனை விற்றவர் சாலைகளைப் பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுக்கவே இல்லை. காகிதத்தில் அங்கே தெருவே கிடையாது. ஓய்வுபெற்ற ஃபிட்டர் இதற்கு ஒரு வழி கண்டார். ஒவ்வொரு கிரயப் பத்திரத்திலும் சக்குபந்தி, அதாவது நான்கு பக்க எல்லை விவரம் உண்டு: கிழக்கே இன்ன மனை, மேற்கே இன்ன மனை, வடக்கே 25 அடி சாலை. தெற்கு வரிசை முழுக்கப் பத்திர நகல்களைச் சேகரித்து, எல்லாவற்றிலும் ‘சாலை’ என்ற சொல்லுக்குக் கீழே சிவப்பு மையில் கோடிட்டு, வரைபடத்தோடு சேர்த்துக் கொடுத்தார். அந்தக் கட்டைப் பார்த்த பிறகு பஞ்சாயத்து அதிகாரி சாலையைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கான குறிப்பை எழுதினார். திட்ட விதிப்படி ஊருக்குள் ஆகும் செலவில் மக்கள் தர வேண்டிய பங்கும் வீடுவாரியாக வசூலானது. கிராமத் தண்ணீர்க் குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்பதால் தங்கை அதில் உறுப்பினரானார்.

இதே காலத்தில் மேலே வேறு வேகத்தில் காரியங்கள் நடந்தன. கிரேட்டர் பெங்களூரு நிர்வாகச் சட்டம் 2025 மே 15-இல் அமலுக்கு வந்தது. செப்டம்பரில் பழைய மாநகராட்சி மறைந்து, மத்திய, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என ஐந்து மாநகராட்சிகளும் அவற்றுக்கு மேலே கிரேட்டர் பெங்களூரு ஆணையமும் வந்தன. வார்டுகள் 369. ஐந்தும் பழைய மாநகராட்சிப் பரப்பைப் பிரித்து உண்டானவை. வெளியிலிருந்து ஊர் எதுவும் சேரவில்லை. அக்கம்பக்கப் பகுதிகளைப் பின்னால் சேர்க்கச் சட்டத்தில் வழி இருக்கிறது, அவ்வளவே. வடக்கு வரிசையின் அலுவலகப் பெயர் மாறியது. தெற்கு வரிசைக்கு ஒன்றும் மாறவில்லை.

பெருநகரத்தை ஒழுங்குசெய்ய நாட்டில் இரண்டு வழிகள் பழக்கத்தில் உள்ளன என்பது இங்கே நினைவுக்கு வருகிறது. மும்பையில் தானே, கல்யாண்-டோம்பிவிலி, நவி மும்பை எல்லாம் தனித்தனி மாநகராட்சிகள். 2011 கணக்கெடுப்பு அவற்றைச் சேர்த்து 1.84 கோடிப் பேர் கொண்ட ஒரே நகரத் தொகுதியாக எண்ணியது, ஆனால் மும்பை மாநகராட்சியில் மட்டும் இருந்தவர்கள் 1.24 கோடி. பெங்களூருவில் 2001-இல் மாநகராட்சிக்குள் 43 லட்சம், நகரத் தொகுதியில் 57 லட்சம். 2007-இன் இணைப்புக்குப் பின் வந்த 2011 கணக்கில் முறையே 84.4 லட்சமும் 85 லட்சமும். வளர்ந்ததையெல்லாம் ஒரே மாநகராட்சிக்குள் விழுங்குவது பெங்களூருவின் வழியாக இருந்தது. இப்போது அதையே ஐந்தாகப் பிரித்திருக்கிறது. இரண்டு வழியிலும் விளிம்பில் ஒரு தெரு நடுவே கோடு விழத்தான் செய்யும். அந்தக் கோட்டின் இரு பக்கத்தையும் சேர்த்து யோசிக்கவே அரசியலமைப்பு மெட்ரோபாலிட்டன் திட்டக் குழு என்று ஒன்றைச் சொல்லி, அதில் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் நகராட்சி, பஞ்சாயத்துப் பிரதிநிதிகளால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்கிறது. அப்படி ஒரு மேஜையில் வாரியமும் பஞ்சாயத்தும் எதிரெதிரே உட்கார்ந்தால், தெருவின் வடக்கு ஓரத்தில் ஓடும் குழாயிலிருந்து மொத்தமாகத் தண்ணீர் வாங்கித் தெற்கு வரிசைக்கு விடுவது பற்றி ஒரு மாலையில் பேசி முடிக்கலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2025 இறுதிக்குள் தெற்கு வரிசையில் மேல்நிலைத் தொட்டி எழுந்து, பெரும்பாலான வீடுகளுக்குக் குழாய் வந்தது. தண்ணீர் வாரம் இரண்டு முறை, உப்புச் சுவை. குடிக்க, இருபது லிட்டர் கேனைப் பஞ்சாயத்தின் சுத்திகரிப்பு நிலையத்தில் நிரப்பிக்கொள்கிறார்கள். டேங்கர் முழுதாக நிற்கவில்லை. கூட்டு டேங்கர் கணக்கு இன்னும் ஓடுகிறது, ஆனால் முன்பைவிட மிகக் குறைவாக.

வேறு விதமாகச் செய்யக்கூடியவை

இதே நிலையில் இருக்கும் மற்ற லேஅவுட்டுகளுக்குச் சங்கம் இப்போது சொல்வது, எல்லைப் பட்டியலை முதல் கூட்டத்திலேயே எழுதச் சொல்வதுதான். ஏப்ரலுக்கும் ஜனவரிக்கும் நடுவே போன மாதங்களில் ஒரு செயல் திட்டச் சுற்று தவறிப்போனது. சாலைப் பதிவை, தண்ணீர்ப் பிரச்சினை வரும்வரை காத்திராமல் முன்பே முடித்திருக்கலாம். பத்திரங்கள் எல்லாம் பீரோவிலேயே இருந்தன. மனை வாங்கும்போதே எந்த வருவாய் கிராமம், அது எந்த நிர்வாகத்தில் என்று பார்த்திருக்க வேண்டும் என்று சொல்வது எளிது. ஆனால் 2002-இல் வாங்கியவருக்கு 2007-இன் கோடு எப்படித் தெரியும்?

கழிவுநீரைச் சங்கம் இரண்டாம் இடத்தில் வைத்தது. என் கருத்தில் அதைத் தண்ணீரோடு சேர்த்தே கேட்டிருக்க வேண்டும். குழாய் வந்ததும் கழிவுநீர் கூடும் என்பது கணக்குத்தான். தெற்கு வரிசையில் பாதாளச் சாக்கடை கிடையாது; குழிகள் நிரம்பி வழிவது மழைநீர்க் கால்வாய் வழியாக வடக்கே மாநகராட்சி எல்லைக்குள் இறங்கி, அங்கிருந்து ஏரிக்குப் போகிறது.

இப்போதைய நிலை

மாநகராட்சியில் சேர்க்கும் கோப்பு அப்படியே இருக்கிறது. வரவிருக்கும் கணக்கெடுப்புக்காக நாடு முழுவதும் நிர்வாக எல்லைகள் 2025 டிசம்பர் 31-உடன் உறைய வைக்கப்பட்டுவிட்டன. 2027 மார்ச் வரை எந்தக் கிராமத்தையும் நகரத்தில் சேர்க்கவோ பிரிக்கவோ முடியாது. அதற்கு முன் அறிவிப்பு வரும் என்று டிசம்பர் கடைசி வரை சிலர் எதிர்பார்த்தார்கள், வரவில்லை.

2027 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கும்போது, தெற்கு வரிசையின் கிராமம் 5,000 பேரைத் தாண்டியிருக்கும் என்பதில் தெருவில் யாருக்கும் சந்தேகமில்லை. சுற்றிலும் எழும்பிய அடுக்குமாடிகளே போதும். கணக்கெடுப்பாளர் வரும்போது ஒவ்வொரு வீட்டிலும் தொழிலைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், பூட்டிய வீடு என்று ஒன்றும் விடுபடக் கூடாது என்று மாணவி வீடு வீடாகச் சொல்லி வருகிறார். பஞ்சாயத்து, மாநகராட்சி என இரண்டு அலுவலகங்களுக்கும் ஒரே கடிதமாகக் கழிவுநீர் மனு தயாராகியிருக்கிறது. அதில் இரண்டு வரிசைக்காரர்களும் வீட்டு எண் வரிசைப்படி கலந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.